சுறாவுக்கு வந்த கெட்ட பெயர்

அநியாய வட்டிக்காரரை ஆங்கிலேயர்கள் சுறா என்பார்கள். சீட்டாட்டத்தில் அடுத்தவர் பையைக் காலி செய்கிறவரும் சுறாதான். 1975இல் ஸ்பீல்பெர்க் ‘ஜாஸ்’ எடுத்து மிச்சம்மீதி மானத்தையும் வாங்கினார். இப்போது ‘ஷார்க் டாங்க்’ நிகழ்ச்சியில் முதலீட்டாளர்களே அந்தப் பட்டத்தைச் சூடிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம் ஊரில் கதையே வேறு. பால்சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்து, உப்புத்தாள் போன்ற தோலை உரித்து, தண்ணீரை ஒட்டப் பிழிந்து உதிர்த்து, பூண்டும் சின்ன வெங்காயமும் தாராளமாகப் போட்டு வதக்கினால் சுறாப்புட்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று மாமியார் பரிமாறுவார். உலகம் நடுங்கும் வேட்டைக்காரனுக்கு இங்கே பிரசவ வார்டில் வேலை! காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாவின் கொம்பை நட்டுக் கும்பிட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. கும்பிடு ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம்.

வட்டிக்காரரை மட்டும் நாம் சுறா என்பதில்லை. அவர் ‘ஃபைனான்சியர்’, நேரில் ‘அண்ணே’. பத்தாயிரம் கேட்டால் முதல் வட்டியைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் எண்ணித் தருவார். கந்துவட்டியைத் தடுக்க 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று. அண்ணனும் இருக்கிறார், சட்டமும் இருக்கிறது.

சுறா கடித்துச் சாகிறவர்கள் உலகம் முழுக்கச் சேர்த்தாலும் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்துப் பேர்கூடத் தேறமாட்டார்கள். அதுவும் பெரும்பாலும் ஒரு கடியோடு விலகிப் போய்விடும். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பதில்லை.