ஆபரணப் பேழையின் மேற்தட்டு: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

மனித நாகரிகத்தின் வளர்ச்சியைச் சக்கரத்தைக் கொண்டும் எழுத்தைக் கொண்டும் அளந்து நூல்கள் பல இயற்றிய பண்டிதர்கள், மர நகைப்பெட்டிக்குள் எடுக்கவும் வைக்கவும் கூடிய மேற்தட்டை முதன்முதலில் இட்ட மகானுபாவனைப் பற்றி ஒரு வரியேனும் எழுதாது விட்டமை ஆராய்ச்சி உலகுக்கு நேர்ந்த பெருநஷ்டமாகும். தச்சுத் தொழிலுக்குப் பேர்போன மொறட்டுவையை அடுத்த இரத்மலானையில் வசித்து, 101ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி வழியே வெள்ளவத்தைக்குப் போய்வரும் எமக்கே அக்குறையைத் தீர்க்கும் பாத்தியதை உண்டு. 1978இல் பல்கலைக்கழகமாகிய மொறட்டுவைக் கல்விக்கூடத்திலும் தட்டியலுக்கு ஒரு பீடம் இன்றுவரை இல்லை.

பேழை சாஸ்திரத்தில் மதங்கள் மூன்று. தட்டைப் பெட்டியோடு ஒட்டிவிடுவோர் அத்துவைதிகள். முழுத்தட்டாகச் செய்து வெளியே தூக்கவிடுவோர் துவைதிகள். பாதி நீளத் தட்டை உட்சட்டங்களின்மேல் முன்னும் பின்னும் நகர்த்தி, எடுக்காமலே அடியைக் காட்டுவோர் விசிஷ்டாத்துவைதிகள். சைவ சித்தாந்தியாகிய வெள்ளவத்தைக் குடும்பத் தலைவியோ, மூன்று கட்சியாரையும் பொறுமையாகக் கேட்டபின், பூட்டு நல்லதா என்று மட்டும் வினவுவாள்.

பூர்வ சரித்திரத்துக்குக் காலிக்குச் செல்ல வேண்டும். கருங்காலிச் சட்டத்தில் முள்ளம்பன்றி முட்களை நிரையாக அடுக்கி, மூடியின் உட்புறத்தில் பலசாதி மரத்துண்டுகளைப் பதித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே செய்த பெட்டிகள் பலவற்றில் அறை வகுத்த தட்டு உண்டு. துரைசானிமார் அதில் ஊசியும் நூலும் வைத்தனர் என்பது அறிஞர் கொள்கை. ஊசிக்கும் நூலுக்கும் பூட்டு எதற்கு என்பது எமது ஆட்சேபம்.

இனி பௌதிக விசாரணை. மரம் நார்வாட்டில் ஏறக்குறைய நீள்வதேயில்லை. குறுக்குவாட்டில் ஈரத்துக்கேற்ப விரியும். ஆகவே தட்டின் அடியை ஒற்றைப் பலகையில் இறுக்கமாக அறுத்தவனுக்கு, கடற்காற்றும் மாரியும் சேர்ந்தவுடன் கலியாண வீட்டுக்குப் புறப்படும் வேளையில் தட்டை உளியால் நெம்ப நேரிடும். மெல்லிய பிளைவூட் இட்டவன் தப்புவான். மட்டாய்ப் பொருந்திய தட்டை மேலிருந்து விட்டால், அடியிலகப்பட்ட காற்று இடுக்குவழியே கசியக் கசிய அது மெதுவாக இறங்கும். தச்சன் புகழை நாடுவது இவ்விடத்திலேயே. உள்ளே கம்பளித்துணி ஒட்டுவது பிழை; அதிலுள்ள கந்தகம் வெள்ளிக் கொலுசைக் கறுக்கப்பண்ணும். பருத்தி வெல்வெட்டே உசிதம்.

இவையெல்லாம் புறவிஷயங்கள். தட்டின் பரமார்த்தம் அதன் கீழேதான் இருக்கிறது. மேலே தோடு, மோதிரம், பூச்சுக் காப்பு முதலியன காட்சிக்கு இருக்க, செட்டியார் தெருவில் வாங்கிய அட்டியல் கிடக்க வேண்டிய அடியறையில், அந்த அட்டியலின் பிரதிநிதியாக அடைவுச் சீட்டொன்று நான்காய் மடிந்து கிடக்கும். பெட்டியைத் திறந்து காட்டும் மருமகள் தட்டை மட்டும் தூக்குவதில்லை. மாமியாரும் தூக்கச் சொல்வதில்லை, தம் பெட்டியிலும் அத்தகைய தாள் ஒன்று உண்டாகையால். இந்தப் பரஸ்பர மரியாதையைச் சாத்தியமாக்கியது அரை அங்குலப் பலகையேயன்றி நீதிநூல் எதுவுமன்று.

துவைத மதத்துக்கு வேறொரு பிரமாணமும் உண்டு. அதைப் பரிகாசமாகச் சொல்ல மனம் வரவில்லை. 1983 ஆடிக் கலவரத்தின்போது இரத்மலானை விமான நிலையத்து அகதி முகாமில் ஒதுங்கிய சனங்களுக்குப் பெட்டியைச் சுமக்க அவகாசம் இருந்திராது. தட்டைத் தூக்கிச் சேலைத் தலைப்பில் கவிழ்த்து முடிய இரண்டு விநாடி போதும். ஒட்டிய தட்டென்றால் அதுவும் இயலாது.

ஆதலின் பெட்டி செய்விக்கும் வாசகர்கள் தட்டின் இருபுறமும் நாடாப் பிடி வைக்கும்படி தச்சரிடம் கண்டிப்பாகச் சொல்வார்களாக. அதற்குத் தனிக்கூலி கேட்பார். பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.