சூன் பாணும் நாலாம் மாடியும்: மாளிகாவத்தை மன அழுத்தம் குறித்த ஓர் ஆய்வு

மன அழுத்தத்தை ஆராய்ந்த அறிஞர்களில் ஒருவராவது கையில் சில்லறையோடு நாலு மாடி ஓடி இறங்கியதாகத் தெரியவில்லை. இத்துறையின் முதற்பெருங்குறை இதுவே.

1936இல் ஹான்ஸ் செலியே மொன்றியலில் எலிகளைக் குளிரில் வைத்தார், அளவுமீறி ஓடவிட்டார். எந்தத் தொல்லை வந்தாலும் உடம்பு காட்டும் எதிர்வினை ஏறத்தாழ ஒன்றுதான் என்று எழுதினார். எலிகள் ஓடியது மாடிப்படியிலா, சமதரையிலா என்ற விபரம் நமக்கு முக்கியம். 1967இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரு அமெரிக்கர்கள் வாழ்க்கையின் 43 நிகழ்வுகளுக்குப் புள்ளி போட்டார்கள். வாழ்க்கைத் துணையின் மரணம் 100, விவாகரத்து 73, கல்யாணம் 50, கிறிஸ்மஸ் 12, சின்னச் சட்டமீறல் 11. இந்தப் பட்டியலை மாளிகாவத்தையில் வாசித்துக் காட்டியபோது மூத்த ராத்தா ஒருவர் எழுப்பிய ஆட்சேபத்தை இங்கே பதிவது கடமை: "கல்யாணத்துக்கு அம்பது செல்லுறீங்களே, அது பொண்ணுக்கா, மாப்பிள்ளைக்கா, பொண்ணோட உம்மாக்கா?" ஹோம்ஸிடமோ ராஹேயிடமோ இதற்குப் பதில் இல்லை.

ரிச்சர்ட் லாசரசின் குழுவினர்தான் கொஞ்சம் கீழே இறங்கி வந்தவர்கள். மனிதனை அரிப்பது பெரிய இடிகளை விட அன்றாடச் சில்லறைத் தொல்லைகளே என்று 1981இல் அவர்கள் காட்டினார்கள். சாமான் விலை ஏறுவது, வைத்த பொருளைக் காணாமல் தேடுவது, உடம்பு பருப்பது என்று 117 தொல்லைகள் கொண்ட பட்டியல் அது. அதிலும் சூன் பாண் இல்லை.

ஆய்வுக்களத்தைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு 10, மாளிகாவத்தை, லிப்ட் இல்லாத பழைய பிளட் ஒன்றின் நாலாம் மாடி. நேரம், பின்னேரம் அசருக்குப் பிறகு. கேத்தலில் தண்ணீர் கொதிக்கிறது. அப்போது எங்கேயோ தூரத்தில் பீத்தோவன் கேட்கிறது.

இலங்கைக்கு வெளியே வாழ்வோருக்காக ஒரு விளக்கம். பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி பூட்டிய திரீவீலில் பாண், மீன் பணிஸ், சீனிச் சம்பல் பணிஸ், முதலை வடிவில் சீனி தூவிய கிம்புலா பணிஸ் எல்லாம் அடுக்கி, ஒலிபெருக்கியில் பீத்தோவனின் 'எலீசுக்காக' இசையின் முதல் சில சுரங்களை ஓயாமல் ஒலிக்கவிட்டபடி ஒழுங்கை ஒழுங்கையாக வரும் பேக்கரியே சூன் பாண். மெட்டு முழுமையாக வருவதே இல்லை. ஆரம்பம் மட்டும் திரும்பத் திரும்ப வரும்.

இந்த ஒலி காதில் பட்ட கணத்திலிருந்து வீட்டில் நிகழ்வனவற்றை மூன்று கட்டமாக நோக்கலாம். முதலாவது கட்டம் சந்தேகம்: நம்ம ஒழுங்கையா, அடுத்த ஒழுங்கையா? கட்டடங்களில் பட்டுத் தெறிக்கும் சத்தத்துக்குத் திசை கிடையாது. நம்பி முந்தி இறங்கினால் வெறும் தெருவில் நிற்க வேண்டும்; நம்பாமல் பிந்தினால் வண்டி தாண்டிவிடும். இரண்டாவது கட்டம் சில்லறை. ஆயிரம் ரூபாய் நோட்டு மட்டுமே கையில் அகப்படும். இது ஒரு விதி; விலக்கை நான் இன்னும் காணவில்லை. மூன்றாவது கட்டம் ஆள் தேர்வு. "மகன், ஓடுங்க, பாண் போகுது!" என்று உம்மா சத்தம் போட, மகன் தம்பியைப் பார்க்க, தம்பி போனைப் பார்க்க, வாப்பாவுக்குத் திடீரென்று முழங்கால் நோவு ஞாபகம் வரும். கடைசியில் இறங்குவது உம்மாதான், சால்வையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு. அவர் இரண்டாம் மாடித் திருப்பத்தை அடையும்போது இசை மெலிந்துகொண்டிருக்கும்.

ஆக, இவ்வாய்வின் கருதுகோள் இது: மாளிகாவத்தையில் மன அழுத்தம் காது வழியாக வருகிறது. கேட்காத பாணுக்கு எவரும் ஏங்குவதில்லை. வாங்கிய பாணும் மனதை வருத்துவதில்லை, விலையைத் தவிர. காதுக்கு எட்டிக் கைக்கு எட்டாமல் போகும் ஒரு றாத்தல்தான் இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது.

இவ்விடத்தில் இசையமைப்பாளரின் பங்கையும் விசாரிக்க வேண்டும். 'எலீசுக்காக' 1810இல் எழுதப்பட்டது; பீத்தோவன் இறந்து நாற்பது வருடம் கழித்து, 1867இல்தான் அச்சேறியது. வியன்னாவில் பஸ்குவாலாட்டி இல்லத்தில் அவர் பல வருடங்கள் குடியிருந்தார். எத்தனையாம் மாடி என்று நினைக்கிறீர்கள்? நாலாம் மாடி! 1810இல் லிப்ட் எங்கே இருந்தது. நாலாம் மாடிக்காரர் ஒருவர் இப்படியொரு மெட்டைப் போட்டதை எதேச்சை என்று தள்ளிவிட என் ஆய்வு மனம் இடம் தரவில்லை. ஆனால் அவருக்கு அந்நாளிலேயே காது மந்தம். எங்கள் கருதுகோளின்படி அவர் இந்த நோயிலிருந்து தப்பியவர்.

கருதுகோளுக்கு இரண்டாவது சான்று கேத்தாராமை மைதானம். 1986இல் திறக்கப்பட்ட ஆர். பிரேமதாச விளையாட்டரங்கான அது இப்பகுதியில்தான் இருக்கிறது. மேட்ச் நாளில் பக்கத்து வீடுகளில் டீவி பார்ப்பது ஒரு தண்டனை. சத்தம் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் வேகத்தில் நேரே ஜன்னலுக்கு வந்துவிடும். ஒளிபரப்போ செய்மதி வரை போய் இறங்க வேண்டும். சில வினாடி பிந்தும். டீவியில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடிவருகிறார், வெளியே அரங்கு அலறிவிட்டது. சிக்ஸரா, விக்கட்டா? நடந்து முடிந்த ஒன்றுக்காக நெஞ்சு படபடக்கும் விந்தை இங்கே மட்டும்தான். 2023 செப்டம்பர் 17, ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. இந்தியாவின் சிராஜ் ஒரே ஓவரில் நாலு விக்கட் எடுத்தார், இலங்கை 50 ஓட்டத்தில் சுருண்டது, இந்தியா 6.1 ஓவரில் ஆட்டத்தை முடித்தது. அன்று அரங்கிலிருந்து வந்த சத்தம் எதிர்பார்த்த வகையில் இல்லாமல் போனதே போதுமானதாக இருந்தது. டீவியைப் பார்க்காமலே பலர் பிளேன்டீ ஊற்றப் போய்விட்டார்கள்.

அழுத்தத்தின் மூலகாரணத்தை அகற்றினால் நோய் தீருமா? 2022 இதற்கு ஒரு சோதனைக்கூடம். எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் முறை வந்தபோது திரீவீலுக்கு வாரத்துக்கு ஐந்து லீற்றர். ஐந்து லீற்றரில் ஒரு பேக்கரி வண்டி எத்தனை ஒழுங்கையைச் சுற்றும்? இசை அரிதாயிற்று. ஆனால் அழுத்தம் குறையவில்லை. கேஸ் சிலிண்டர் வரிசைக்கு இடம்மாறியது. இதை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதால் மேலே செல்கிறேன்.

பரிகாரங்களில் பழையது கூடை. பல்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கினால் பாண் மேலே வரும் என்பது கோட்பாடு. நடைமுறையில், "அரை றாத்தல் பாணும் ரெண்டு பணிசும்" என்று மேலிருந்து கத்துவதை ஒழுங்கை முழுக்கக் கேட்கும். "ராத்தா, விருந்தாள் வந்தீக்கா?" என்று எதிர் பிளட்டிலிருந்து விசாரணை வரும். கூடை ஏறும் வழியில் இரண்டாம் மாடி வாண்டு ஒன்று கை நீட்டும். மிச்சக் காசு பற்றிய வாக்குவாதத்தை நாலு மாடி உயரத்திலிருந்து நடத்த வேண்டும். ஓர் அழுத்தத்தைக் கொடுத்து நாலு அழுத்தம் வாங்கும் வியாபாரம்.

புதியது, போனில் சொல்லி எடுப்பிக்கும் முறை. இதில் இசை இல்லை, ஓட்டம் இல்லை, சில்லறைகூட வேண்டாம், அட்டையில் கட்டிவிடலாம். எங்கள் கருதுகோளை இது அடியோடு தகர்த்துவிடும் என்று அஞ்சி, ஒரு பின்னேரம் மீன் பணிஸ் ஆறுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். போன் அடித்தது.

"ஹலோ, சேர், நான் வந்துட்டேன்."

"மேல வாங்க தம்பி, நாலாம் மாடி."

"பைக்க உட்டுட்டு வர ஏலா சேர். கீழ எறங்குங்களே."