விரல் வழியே ஒரு பள்ளிக்கூடம்

கேள்வி: கண்ணும் தெரியாது, காதும் கேட்காது என்றால் பாடம் எந்த வழியாக உள்ளே போகும்? அந்நிலையில் படித்த ஹெலன் கெல்லருக்கு முன்பு யாராவது படித்தார்களா?

பதில்: விரல் நுனி வழியாக!

ஹெலனுக்கு 50 ஆண்டு முந்தியவர் லாரா பிரிட்ஜ்மன். இரண்டு வயதில் வந்த காய்ச்சல் கண்ணையும் காதையும் பறித்தது. 1837இல் பாஸ்டனில் பார்வையற்றோருக்கான பெர்கின்ஸ் பள்ளிக்கு வந்தார். அங்கே பள்ளி இயக்குநர் சாமுவேல் ஹோவ் செய்ததைக் கேளுங்கள். கரண்டி, சாவி, கத்தி எனக் கைக்குப் பழகிய பொருள்களில் புடைப்பெழுத்துச் சீட்டு ஒட்டினார். பொருளைத் தடவு, சீட்டைத் தடவு. அடுத்து, சீட்டைத் தனியே கொடுத்தார். சாவிச் சீட்டைச் சாவியின் மேல் வைக்கச் சிறுமி பழகினாள். பிறகு எழுத்துகளைத் துண்டு துண்டாக்கிக் கலைத்துப் போட்டார். அவளேதான் அடுக்க வேண்டும்.

வாரக்கணக்கில் வெறும் மனப்பாடம்தான். மனதில் உள்ளதை அடுத்தவருக்குச் சொல்ல இதுவே வழி என்று பிடிபட்டதும், அந்த முகமே ஒளிர்ந்தது என்று ஹோவ் எழுதியிருக்கிறார். என்ன பொறுமை, இருவருக்கும்!

அதே பள்ளியில் லாராவோடு பழகி, உள்ளங்கையில் விரல்களால் எழுத்துகளைக் காட்டும் விரலெழுத்து கற்றவர்தான் ஹெலனின் ஆசிரியை ஆன் சலிவன். 1887இல் அவர் ஹெலனுக்காகக் கொண்டுபோன பொம்மைக்கு உடுப்பு போட்டுவிட்டவர் லாரா. ஹெலனின் உள்ளங்கையில் சலிவன் முதலில் எழுதிய சொல்லும் அந்தப் 'பொம்மை'தான்.