வாயில்லாப் புழுவுக்குச் சாப்பாடு போடுவது யார்?

கே: வெயிலே எட்டாத கடலடியில் பிராணிகள் கூட்டங்கூட்டமாக வாழுதாமே, என்னத்தைத் தின்னுமுங்க? (விவசாயி, பொள்ளாச்சி)

ப: மூலப்பொருள் மீத்தேனுங்க. உங்க தோட்டத்துக் கோபர் கேஸ் தொட்டியில் குமிழி விடுதே, அதே சரக்கு. கடல்தரையில் அது கசிகிற இடமெல்லாம் பந்திதான்.

கே: நம்ம நாட்டுப் பக்கம் உண்டா? (கோபி)

ப: உண்டு. 2018-ல் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் ‘சிந்து சாதனா’ கப்பலில் போய், கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் கண்டுபிடித்தார்கள். ஆழம் சுமார் 900 முதல் 1,800 மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுகிற உயரத்தைக் கடலுக்குள் கவிழ்த்துப் பாருங்கள், கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும்.

கே: அங்கே வாயே இல்லாத புழு இருக்காமே! (ப்ளஸ் டூ மாணவி, பீளமேடு)

ப: குழாய்ப்புழு. வாயுமில்லை, குடலுமில்லை கண்ணு. உடம்புக்குள்ளேயே பாக்டீரியாவைக் குடிவைத்திருக்கிறது. புழுவின் ரத்தம் சல்பைடையும் ஆக்சிஜனையும் சுமந்துபோய்க் கொடுக்க, பாக்டீரியா சமைத்துப் போடுகிறது. கடலைக்காய்ச் செடியின் வேரிலும் இதேபோல் பாக்டீரியா குடித்தனம்தான். செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார். உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறத்தைத் தரும் பொருள் ஹீமோகுளோபினுக்குப் பங்காளி. புழுவின் சிவப்பும் ஹீமோகுளோபின்தான். கடலடியும் கடலைக்காடும் சம்பந்திகள்!

கே: மீத்தேன் என்றீர்கள், நடுவில் சல்பைடு எப்படி நுழைந்தது? (ஆசிரியை, தாராபுரம்)

ப: பிடித்தீர்களே! சேற்றுக்குள் ஆக்சிஜன் கிடையாது. அங்கே ஆர்க்கியா என்ற நுண்ணுயிரும் பாக்டீரியாவும் கூட்டுச் சேர்ந்து, கடல்நீரிலுள்ள சல்பேட்டைக் கொண்டு மீத்தேனைச் சிதைக்கின்றன. அதில் வெளியாவது ஹைட்ரஜன் சல்பைடு. இவர்கள் கழித்தது அடுத்த பந்திக்கு விருந்து. சில சிப்பிகள் மட்டும் மீத்தேனையே உண்ணும் பாக்டீரியாவைச் செவுளில் வைத்திருக்கின்றன. புரோக்கர் இல்லாத வியாபாரம்.

கே: ஹைட்ரஜன் சல்பைடு விஷமாச்சே? (திருப்பூர்)

ப: கொடிய விஷம். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவரைக் கூப்பிடக்கூட நேரமில்லாமல் சாய்ப்பது அதுதான். குழாய்ப்புழுவின் ஹீமோகுளோபின் அதைத் தனியே கட்டிச் சுமக்கும். மனித ரத்தத்துக்கு அந்த வித்தை தெரியாது. தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள். இறக்கச் சொல்பவர் யாரானாலும் குறுக்கே நில்லுங்கள். கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் பக்கம்.

கே: அப்போ, சூரியன் தயவே வேண்டாத ஜீவன்கள்! (அவினாசி)

ப: அவசரப்படாதீங்க. சல்பைடிலிருந்து சக்தி எடுக்க ஆக்சிஜன் வேண்டும். அது மேலே பாசியும் செடியும் வெயிலில் உண்டாக்கியது. மீத்தேனோ, ஆறுகள் கொட்டிய வண்டலில் புதைந்த பழைய உயிர்களின் மக்கல். நேரில் வராவிட்டாலும் மொய் எழுதி அனுப்பியிருக்கிறார் சூரியன்.

கே: ஆயுசு? (சங்ககிரி)

ப: மெக்சிகோ வளைகுடாவின் லாமெல்லிபிராக்கியா புழுக்கள் 200 வருஷம் தாண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1805-ல் உங்கள் ஊர்க் கோட்டையில் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டார்களே, அப்போது குட்டியாக இருந்த புழு இன்றும் அங்கே இருக்கலாம்.

கே: நேரில் பார்க்க வழியுண்டா? (காங்கேயம்)

ப: சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் ‘மத்ஸ்யா 6000’ என்ற நீர்மூழ்கியை உருவாக்குகிறது. இலக்கு 6,000 மீட்டர் ஆழம். இடம் மூன்றே பேருக்கு. ஜன்னலோரத்தில் நான் துண்டு போட்டாச்சு!