தண்ணீரில் நின்ற காரின் சாவியைத் தொடாதீர்கள்!

மழை எச்சரிக்கை வந்தாலே வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். இன்சூரன்ஸ் இருக்கும்போது எதற்கு இந்தப் பதற்றம்?
*- வாசகர், மடிப்பாக்கம்*

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் வீட்டு வாசலிலேயே பார்த்தவர்கள் அவர்கள். அந்தப் பதற்றத்துக்கு நான் முழு மார்க் போடுவேன்.

ஃபுல் கவர் பாலிசி எடுத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் உண்டுதான். சீட், கார்பெட், வயரிங் எல்லாம் அதில் வரும். சிக்கல் எஞ்சினில் இருக்கிறது. மழை விட்ட மறுநாள் காலை கீழே இறங்கி, "ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்" என்று சாவியைத் திருப்புகிறோமே, பெரும்பாலான எஞ்சின்களுக்கு எமன் அந்த ஒரு நொடிதான். ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கும். காற்றை அமுக்கிப் பழகிய பிஸ்டன் அதையும் அமுக்கப் பார்க்கும். தண்ணீர் அமுங்காது; கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சர்வேயர் வந்து பார்த்துவிட்டு, "எஞ்சின் போனது வெள்ளத்தால் அல்ல, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால்" என்று எழுதினால் சாதாரண பாலிசியில் அந்தச் செலவு உங்கள் தலையில்தான். 'எஞ்சின் புரொடெக்ட்' என்ற ஆட்-ஆன் இதற்காகவே இருக்கிறது. தாழ்வான பகுதியில் குடியிருப்பவர்கள் சீட் கவருக்குச் செலவழிக்கும் பணத்தை முதலில் இதற்குக் கொடுங்கள்.

தண்ணீர் கதவு வரை ஏறிவிட்டதா? சாவியைத் தொடாதீர்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் பட்டனையும்தான். தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். தண்ணீர் வடிந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லி, வண்டியை டோ செய்து ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் பார்க்கிங் கிடைக்க ஒரு வழி சொல்லுங்களேன்?
*- வாசகி, அம்பத்தூர்*

மின்சார ரயில். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே ரங்கநாதன் தெரு.

பைக்காரர் உரசி பம்பர் உடைந்துவிட்டது. இத்தனை வருஷம் பிரீமியம் கட்டியிருக்கிறேன், கிளெய்ம் செய்யாமல் விடலாமா?
*- வாசகர், அண்ணா நகர்*

கோபத்தை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு கணக்குப் போடுங்கள். ஐந்து வருஷம் கிளெய்மே இல்லாமல் ஓட்டியவருக்கு நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம். உங்கள் வண்டியின் சேதத்துக்கான பிரீமியம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 4,000 ரூபாய் மிச்சம்.

பம்பர் விலை 5,000 ரூபாய் என்றால், பிளாஸ்டிக் பாகம் என்பதால் சாதாரண பாலிசியில் பாதியைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். மீதி 2,500. அதிலும் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய் கட்டாயப் பிடித்தம். கைக்கு வருவது 1,500. அதற்காக அடுத்த வருஷமே 4,000 ரூபாய்த் தள்ளுபடியை இழப்பீர்கள். அதோடு முடிவதில்லை; மறுபடி 20 சதவீதத்திலிருந்து படியேற வேண்டும். ஜீரோ டெப் பாலிசியில் பாதி கழிக்க மாட்டார்கள், ஆனால் போனஸ் அப்போதும் போகும். சின்ன அடிக்குக் கைக்காசு, பெரிய அடிக்கு பாலிசி என்பதுதான் என் கட்சி.

எதிர் வீட்டுக்காரர் தெருவில் கல்லும் பூந்தொட்டியும் வைத்து 'நோ பார்க்கிங்' போர்டு மாட்டியிருக்கிறார். சட்டப்படி செல்லுமா?
*- வாசகர், மேற்கு மாம்பலம்*

அவர் கேட்டை மறித்து நிறுத்தினால் தப்பு உங்கள் மேல். கேட்டைத் தாண்டியுள்ள தெரு அவருக்குப் பட்டா போட்டுக் கொடுத்ததல்ல. தொட்டி வைக்க அவருக்கு உரிமை இல்லை. அதற்காக நடைபாதையில் ஏற்றி நிறுத்திவிடாதீர்கள். ஒரு கார் நடைபாதையில் ஏறினால், ஸ்கூல் பையோடு வரும் குழந்தையும் கைத்தடியோடு வரும் பெரியவரும் பஸ் வரும் ரோட்டில் இறங்கி நடக்க வேண்டும். எனக்கு இதில் சமரசமே கிடையாது.

பழைய கார் வாங்கினேன். பாலிசி முந்தைய ஓனர் பேரில் எட்டு மாசம் பாக்கி இருக்கிறது. அப்படியே ஓட்டலாமா?
*- வாசகர், தாம்பரம்*

ஓட்டுவது உங்கள் கை, பாலிசி அவர் பெயர் என்றால் உங்கள் காருக்கு அடிபடும்போது கிளெய்ம் இழுபறியாகும். வாங்கிய 14 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். அவருடைய நோ கிளெய்ம் போனஸும் கூடவே வரும் என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள். போனஸ் காருக்கு உரியதல்ல, பாலிசி எடுத்தவருக்கு உரியது. அவர் அதைத் தன் அடுத்த காருக்கு எடுத்துப் போவார்.

என் கார் பதினைந்து வயசுக் கிழம். இதற்குப் போய் இன்சூரன்ஸா?
*- வாசகர், பெரம்பூர்*

கிழம் யார் மேலும் மோதாது என்று உங்களால் எழுதிக் கொடுக்க முடியுமா? தேர்ட் பார்ட்டி பாலிசி உங்கள் காருக்காக எடுப்பதல்ல. அதில் உங்கள் வண்டிக்குப் பத்துப் பைசா வராது. சாலையில் போகிற இன்னொருவருக்காக 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உயிரிழப்புக்கும் காயத்துக்கும் அதில் உச்சவரம்பு இல்லை. தீர்ப்பாயம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு. 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 2022-ல் நிர்ணயித்த பிரீமியம் 3,416 ரூபாய், வரி தனி. பாலிசி இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம்தானே என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று மாதம் வரை சிறையும் உண்டு என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். யாராவது அடிபட்டுவிட்டால் இழப்பீடு உங்கள் வீட்டை விற்றுக் கட்டும் அளவுக்குப் போகலாம். வீடே இல்லையென்றால், அடிபட்டவர் குடும்பம் யாரிடம் போய் நிற்கும்? இன்றைக்கே புதுப்பித்துவிடுங்கள்.