அதே நாள், அதே 9 மணி

கே: டோக்கியோவில் இரவு விமானம் ஏறினால், அன்று காலையே ஹொனலூலுவில் இறங்கிவிடலாமாமே! கதைதானே?

ப: கதையல்ல, கோடு! பசிபிக் நடுவே உள்ள சர்வதேச தேதிக் கோடு.

தூரம் சுமார் 6,200 கி.மீ.; பயணம் ஏறக்குறைய 7 மணி நேரம். ஹொனலூலு கடிகாரமோ 19 மணி நேரம் பின்னால் ஓடுகிறது. வெள்ளி இரவு 9 மணிக்குக் கிளம்பினால், வெள்ளி காலை 9 மணிக்கு இறங்கலாம். அன்றைய காலை டிபனை இரண்டாம் முறை சாப்பிடலாம்.

ஆனால் அந்த நாள் கடன்தான். திரும்பும்போது வட்டியோடு கட்ட வேண்டும். மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று எதிர்ப்பதால் பயணம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும்; தேதியும் ஒன்று தாண்டிவிடும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். அறை பதிவு செய்யுமுன் மணியை மட்டுமல்ல, தேதியையும் பாருங்கள்.