கொட்டிவாக்கத்துப் பெரும்பொழுதுகள்: ஃபேன் ரெகுலேட்டர் வழி ஓர் ஆய்வு

முல்லைக்குக் கார்காலம், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் என்று அளந்து கொடுத்த அகப்பொருள் இலக்கணம், நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதும் உரியவை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது. கொட்டிவாக்கம் சுத்தமான நெய்தல். ஈ.சி.ஆரிலிருந்து கிழக்கே கொஞ்சம் நடந்தால் செருப்பில் மணல் ஏறிவிடும். ஆக, இங்கே இன்று என்ன பருவம் என்று தெரிய இலக்கணம் உதவாது. கருவி வேண்டும். நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே வானாய்வுக்கூடம் கட்டினார்கள். எங்கள் வீட்டில் ஃபேன் மாட்டினோம்.

முதலில் எண் 5. அக்னி நட்சத்திரத்தின்போது இதைப் பற்றி வீட்டில் இரண்டாம் கருத்து கிடையாது. நிலம் சட்டென்று சூடாகும், கடல் நிதானமாகச் சூடாகும். அந்த வித்தியாசத்தில்தான் கடல்காற்று பிறக்கிறது. நண்பகலை ஒட்டி ஜன்னல் திரை உள்பக்கமாக உப்பினால் காற்று வந்துவிட்டது என்று பொருள். போரூர்க்காரர்களுக்கு அது போய்ச் சேருமுன் நாங்கள் அனுபவித்துவிடுவோம். இதில் எங்களுக்குச் சிறு கர்வம் உண்டு. மேல்காற்று ஓங்கிய நாளில் திரை அசையாது. 2003 மே 31 அன்று சென்னையில் வெயில் 45 டிகிரியைத் தொட்டபோது, எண் 5-க்கு அடுத்து எண்ணே இல்லை என்ற கருவியின் அடிப்படைக் குறை வெளிப்பட்டது.

ஐப்பசி அடைமழைக்கு எண் 3. துணைச்சான்றுகள்: பாத்ரூம் கதவு ஊதிப்போய்த் தோளால் இடித்தால்தான் திறக்கும், ஜாடியில் உப்பைக் கரண்டிக்காம்பால் குத்த வேண்டும், பொரித்த அப்பளம் ரசம் சாதத்துக்குள் நமுத்துவிடும்.

ஆய்வின் சிக்கலான பகுதி மார்கழி. வெப்பம் 21 டிகிரிக்கு இறங்கியதும் தெருவில் குரங்குக்குல்லாய்கள் தோன்றுகின்றன. ஊட்டிக்காரர் பார்த்தால் சிரிப்பார்; சிரிக்கட்டும். அப்போதாவது ஃபேனை நிறுத்துவோமா என்றால் மாட்டோம். நிறுத்தினால் கொசு. எனவே ஃபேனைப் போட்டுவிட்டு, அந்தக் காற்றுக்குக் குளிர்ந்து, கழுத்துவரை போர்த்திக்கொள்கிறோம். குளிரை நாமே உண்டாக்கி நாமே தடுக்கும் இந்த ஏற்பாட்டை எந்த நூலும் கூதிரிலோ பனியிலோ சேர்க்கவில்லை. எண் 1-ஆ 2-ஆ என்பதில் அறிஞரிடையே பூசல் உண்டு.

"ஒண்ணுல வைடா, முட்டி இழுக்குது" என்பது அம்மா தரப்பு.

"ஒண்ணுல வெச்சா ஃபேன் சுத்துதா நிக்குதான்னே தெரியல அத்தை" என்பது என் மனைவி தரப்பு.

அம்மாவுக்கு இன்னொரு வாதமும் உண்டு: கரண்டு மிச்சம். பழைய பெட்டி ரெகுலேட்டர் காலத்தில் அது பொய். எண்ணைக் குறைத்தால் மிச்சமாகும் கரண்டில் பெரும்பகுதி அந்தப் பெட்டியைச் சூடாக்கவே போகும். தொட்டுப் பார்த்திருக்கிறேன், இளஞ்சூடாக இருக்கும். இதை அம்மாவிடம் சொல்லும் துணிவு ஆய்வாளருக்கு இல்லை.

சுழியம் எங்கள் பதிவேட்டில் அபூர்வம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபோது ஃபேன் நின்றது. கருவி அப்போதும் எண் 2-ல்தான் இருந்தது, கரண்டுதான் இல்லை. ஆகவே அந்த அளவீட்டைச் சேர்க்கவில்லை.

விளங்காமல் நிற்பது ஒன்றே ஒன்று. இரவு 2-ல் வைத்துவிட்டுப் படுக்கிறேன். விடிகாலை அது 1-ல் இருக்கிறது. வீட்டில் யாரும் தொடவில்லையாம். தற்காலிகமாக இதற்கு ரெகுலேட்டர் பெயர்ச்சி என்று பெயரிட்டிருக்கிறேன்.